விரல் நுனி பல்ஸ் ஆக்சிமீட்டர்: கொரோனா வீட்டுக்குள் கொண்டுவந்த கருவிக்கு ஒரு ரிவ்யூ

ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று விரலில் மாட்டியே சொல்லும் பல்ஸ் ஆக்சிமீட்டரை, 2020-க்கு முன்னால் ஆபரேஷன் தியேட்டரிலும் ஐசியூவிலும் வேலை பார்ப்பவர்களைத் தவிர அதிகம் பேர் கையில் எடுத்துப் பார்த்ததில்லை. 2021 ஏப்ரல், மே மாதங்களில் இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தபோது அது வீட்டு மருந்து டப்பாவில் தெர்மாமீட்டரை ஓரங்கட்டிவிட்டது. ஊரிலிருந்து போன் வந்தால் "சாப்டாச்சா?" என்பதற்கு முன்னால் "எவ்வளவு காட்டுது?" என்று கேட்டார்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் வீடியோ காலில் "விரலைக் கேமரா பக்கம் காட்டுங்கப்பா" என்று கெஞ்சிய நாள்கள் அவை.

அன்று வாங்கிய கருவி இன்று பல வீடுகளில் ஃபிரிட்ஜ் மேலே செல் கசிந்து கிடக்கிறது. புதிதாக வாங்க நினைப்பவர்களுக்கும், பழையதை வைத்துக்கொள்ளலாமா என்று யோசிப்பவர்களுக்கும் இந்த ரிவ்யூ. ஒரு குறிப்பிட்ட கம்பெனி மாடலை எடுத்துக்கொள்ளவில்லை. மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும், விரலைக் கவ்வும், ரிமோட் செல் இரண்டு போடும் கருவிகள் எல்லாம் வேலை செய்யும் விதத்தில் ஏறத்தாழ ஒன்றுதான்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். கருவி நல்லது, கொடுத்த காசுக்கு வேலை செய்யும். ஆனால் பிடிக்கத் தெரியாதவர் கையில் இரண்டு விதமாகக் காலை வாரும். ஒன்றுமே இல்லாததற்கு நள்ளிரவில் 108-ஐக் கூப்பிட வைக்கும். கூப்பிட்டே ஆக வேண்டிய நேரத்தில் "அதான் 96 காட்டுதே" என்று உட்கார வைக்கும். இரண்டாவதுதான் பொல்லாதது. உயிர் போகிற தவறும் அதுதான்.

உள்ளே என்ன இருக்கிறது

கிளிப்பைத் திறந்தால் ஒரு பக்கம் இரண்டு குட்டி விளக்குகள். ஒன்று சிவப்பு, 660 நானோமீட்டர். இன்னொன்று கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு, 940 நானோமீட்டர் அளவில். எதிர்ப்பக்கம் ஒளியை வாங்கும் சென்சார். ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபின் அகச்சிவப்பை அதிகம் விழுங்கும். ஆக்சிஜன் இல்லாதது சிவப்பை அதிகம் விழுங்கும். இந்த இரண்டின் விகிதத்தை வைத்துத்தான், ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதம் ஆக்சிஜன் ஏறியிருக்கிறது என்ற எண் வருகிறது.

விரலில் ரத்தம் மட்டுமா இருக்கிறது? தோல், நகம், எலும்பு எல்லாம் ஒளியை விழுங்கும். இதற்கு வழி கண்டவர் ஜப்பானின் நிஹோன் கோடன் நிறுவனத்துப் பொறியாளர் டகுவோ அயோயாகி. 1974-ல் அவர் கண்டது இதுதான்: இதயம் ஒவ்வொரு முறை துடிக்கும்போதும் தமனியில் ரத்தம் கூடிக் குறைகிறது, அந்த ஏற்ற இறக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகக் கழிந்துவிடும். பெயரில் 'பல்ஸ்' இருப்பது அதனால்தான். உலகமே அவருடைய கருவியைத் தேடி அலைந்த 2020 ஏப்ரலில் அவர் காலமானார். விரலில் கவ்வும் குட்டி வடிவத்தை நோனின் நிறுவனம் கொண்டுவந்தது 1995-ல்.

இதை இவ்வளவு விளக்குவதற்குக் காரணம் உண்டு. துடிப்பு சரியாகக் கிடைக்கவில்லை என்றால் எண்ணும் சரியாக வராது. விரல் சில்லிட்டிருந்தாலோ ஆடிக்கொண்டிருந்தாலோ இரண்டு ஒளியும் ஒரே மாதிரி தடுமாறும். விகிதம் ஒன்றை நெருங்கும். விகிதம் ஒன்று என்றால் கருவியின் கணக்கில் அது கிட்டத்தட்ட 85 சதவீதம். நன்றாகப் பேசிக்கொண்டிருக்கும் ஆளுக்குத் திடீரென்று 84, 86 என்று வந்து போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். அப்படி வந்தால் கையைச் சூடாக்கி ஒரு நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். பார்க்காமலேயே "மெஷின் சரியில்லை" என்று தூக்கிப் போடாதீர்கள்.

அட்டையில் "±2" என்று அச்சிட்டிருப்பார்கள். ஒவ்வொரு எண்ணும் இரண்டுக்குள் இருக்கும் என்று அதற்கு அர்த்தமில்லை. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அளவீடுகள் உண்மை மதிப்புக்கு இரண்டு பக்கமும் இரண்டு புள்ளிக்குள் விழும். மீதி அதைத் தாண்டும். காலையில் 97, மதியம் 96 என்பது செய்தியே இல்லை. நேற்று முழுக்க 97, இன்று காலை 95, சாயங்காலம் 93 என்று ஒரே திசையில் இறங்குவதுதான் செய்தி. இன்னொன்று: ஆரோக்கியமான ஆள்களுக்கு ஆக்சிஜனைக் குறைத்துக் குறைத்து எடுத்த அளவுகளை வைத்துத்தான் கருவிக்குள் அட்டவணை போட்டிருக்கிறார்கள். யாரையும் 70-க்குக் கீழே கொண்டுபோக முடியாது என்பதால் அதற்குக் கீழே காட்டுவதெல்லாம் குத்துமதிப்புதான்.

98-ஐத் தலைகீழாகப் படித்தால் 86

இந்தக் கருவியின் வடிவமைப்பில் பெரிய குறை இது. யாரும் சரியாகச் சொல்லித் தருவதும் இல்லை. விலை குறைந்த மாடல்களில் எண்கள் ஒரு திசையில் மட்டுமே தெரியும். படுத்திருப்பவர் விரலில் மாட்டி எதிரே நின்று பார்ப்பவருக்கு எண் தலைகீழாக விழும். டிஜிட்டல் எழுத்தில் 98-ஐத் திருப்பினால் 86. 99-ஐத் திருப்பினால் 66. 89-ஐத் திருப்பினால் 68. திருப்பினாலும் எண்ணாகவே தெரிவதால் தலைகீழாகப் படிக்கிறோம் என்ற சந்தேகமே வராது. '%' குறியும், ஆக்சிஜன் அளவைக் குறிக்கும் எஸ்பிஓ2 என்ற எழுத்தும் எந்தப் பக்கம் இருக்கின்றன என்று முதலில் பாருங்கள். பட்டனை மறுபடி அழுத்தினால் திரை திரும்பும் மாடலாக வாங்கினால் இந்தத் தொல்லையே இல்லை.

அடுத்த குழப்பம், இரண்டு எண்களில் எது எது என்பது. ஒன்று ஆக்சிஜன், இன்னொன்று நாடித்துடிப்பு. ஆக்சிஜன் 100-ஐத் தாண்டாது, நாடி தாண்டும். சிக்கல் இரண்டும் தொண்ணூறுகளில் இருக்கும்போதுதான். காய்ச்சல்காரருக்கு நாடி 92, ஆக்சிஜன் 97 இருக்கும். மாற்றிப் படித்துவிட்டு வீடே கலங்கும். திரையின் ஓரத்தில் எந்த எண்ணுக்குப் பக்கத்தில் 'பிஆர்' என்று போட்டிருக்கிறதோ அது நாடி. ஒரு மார்க்கர் பேனாவால் கருவியின் மேலேயே தமிழில் எழுதி வைத்துவிடுங்கள்.

அளவெடுக்கும் முறை

கருவி வாங்கும்போது கொடுக்கும் துண்டுச்சீட்டில் "விரலை விடவும், பட்டனை அழுத்தவும்" என்று முடித்துவிடுகிறார்கள். நடைமுறையில் வேலை அதற்கு முன்னால்தான் இருக்கிறது. பாத்ரூம் போய்விட்டு வந்தவுடன், மாடி ஏறியவுடன், இருமி முடித்தவுடன் எடுக்கக் கூடாது. ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார வேண்டும். உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்ள வேண்டும். ஃபேன் காற்று நேராகக் கையில் பட வேண்டாம். நடுவிரல் அல்லது ஆள்காட்டி விரல். நகம் விளக்கு இருக்கும் பக்கம், அதாவது பெரும்பாலான மாடல்களில் மேலே, இருக்கும்படி விரல் நுனி உள்முனையைத் தொடும்வரை விடவேண்டும். பாதி விரலோடு நிறுத்தினால் ஒளி பக்கவாட்டில் கசிந்து சென்சாரில் விழும், எண் கெடும். கையை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு அசையாமல் இருக்க வேண்டும். பேசவும் வேண்டாம்.

முதலில் வரும் எண்ணை எழுதாதீர்கள். கருவி சில துடிப்புகளின் சராசரியைப் போட்டுக்கொண்டே இருக்கும். ஒரு நிமிடமாவது விட்டால்தான் நிலைக்கும். ஐந்து விநாடி மாறாமல் நிற்கும் எண்ணை எழுதுங்கள். ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையை அதே கையில் கட்டியிருந்தால் அது இறுகும் நேரத்தில் எண் சரியும். ஜன்னல் வெயில் நேராக விழுந்தால் கருவியை ஒரு துணியால் மூடிக்கொள்ளலாம்.

எண்ணை நம்பலாமா என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு. மறு கையின் மணிக்கட்டில் நாடியை ஒரு நிமிடம் எண்ணுங்கள். அதுவும் கருவி காட்டும் நாடியும் ஒத்துப்போகவில்லை என்றால், கருவி காட்டும் ஆக்சிஜன் அளவையும் நம்ப வேண்டாம். இதயத்துடிப்பு ஒழுங்கில்லாதவர்களுக்கு இந்தச் சோதனை அவ்வளவாக உதவாது.

ஏமாற்றும் விரல்கள்

நகப்பூச்சு வேண்டாம், குறிப்பாகக் கருப்பு, நீலம், பச்சை. அழிக்க முடியவில்லை என்றால் கிளிப்பைப் பக்கவாட்டில், ஒளி நகத்தின் வழியே போகாதபடி மாட்டிப் பார்க்கலாம். மருதாணி இலை அரைத்து வைத்த சிவப்பு பெரிதாகத் தொந்தரவு தருவதில்லை. கருப்பாக விழும் கோன் வகைகள் சிக்னலையே மறைத்துவிடும். கல்யாண வீட்டிலிருந்து காய்ச்சலோடு திரும்பியவருக்கு கால் விரலில் மாட்டிப் பாருங்கள். எண் கிடைக்கும், கொஞ்சம் தாமதமாக வரும்.

பீடி, சிகரெட் பிடிப்பவர்களின் ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு ஒட்டிய ஹீமோகுளோபின் கலந்திருக்கும். இரண்டே நிற ஒளி உள்ள கருவிக்கு அது ஆக்சிஜன் ஏறியது போலவே தெரியும். உள்ளே குறைவாக இருக்க, திரையில் நன்றாகக் காட்டும். ரத்தசோகை உள்ளவர்களுக்கும் ஒரு பொறி உண்டு. கருவி சொல்வது சதவீதம். மொத்த ஹீமோகுளோபின் எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. ஹீமோகுளோபின் 6 இருப்பவருக்கும் 14 இருப்பவருக்கும் 98 என்றே காட்டும்.

தோல் நிறம் பற்றிச் சொல்லாமல் இந்த ரிவ்யூ முழுமையாகாது. 2020 டிசம்பரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஓர் அமெரிக்க ஆய்வு வந்தது. ஆக்சிமீட்டர் 92 முதல் 96 வரை காட்டியபோது தமனி ரத்தத்தை எடுத்துப் பார்த்தார்கள். உண்மையில் 88-க்குக் கீழே இருந்தவை கறுப்பின நோயாளிகளின் அளவீடுகளில் 11.7 சதவீதம்; வெள்ளையர்களில் 3.6 சதவீதம். 2013-ல் மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் மேற்பார்வையிடும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிஏ போட்ட வழிகாட்டுதலே, சோதனைக்கு எடுக்கும் ஆள்களில் இரண்டு பேர் அல்லது 15 சதவீதம் கருந்தோல் உள்ளவர்களாக இருந்தால் போதும் என்றுதான் சொன்னது. அந்த ஆய்வு நம் ஊர் ஆள்களிடம் செய்ததில்லை. ஆனாலும் தோல் கருத்திருந்தால் எண் உண்மையைவிடக் கூடக் காட்டலாம் என்பதை மனதில் வைத்துக்கொண்டு, 94 வந்தால் 'எல்லையில் இருக்கிறோம்' என்று படிப்பதே புத்திசாலித்தனம்.

94 ஏன்?

கொரோனா காலத்தில் இந்திய அரசின் சிகிச்சை வழிகாட்டுதல் போட்ட கோடு இது. 94-க்குக் குறையாமல், மூச்சுத்திணறல் இல்லாமல் இருந்தால் லேசான நோய், வீட்டிலேயே இருக்கலாம். 90 முதல் 93 வரை மிதமானது, ஆஸ்பத்திரி. 90-க்குக் கீழே தீவிரம். இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ் தன் மக்களுக்குச் சொன்னது கொஞ்சம் வேறு: 95 அல்லது அதற்கு மேல் என்றால் வீட்டில், 93, 94 என்றால் டாக்டருக்குப் போன், 92 அல்லது அதற்குக் கீழே என்றால் உடனே அவசரப் பிரிவு.

கோடு ஏன் அங்கே? ரத்தத்தில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் அழுத்தத்துக்கும் இந்தச் சதவீதத்துக்கும் உள்ள உறவு நேர்கோடு கிடையாது. 100-லிருந்து 94 வரை இறங்கும்போது நுரையீரல் நிறைய இழந்திருந்தாலும் எண் மெதுவாகவே இறங்கும். 90 என்பது சுமார் 60 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம். அதற்குக் கீழே சரிவு செங்குத்து. 98-லிருந்து 94-க்கு வர இரண்டு நாள் எடுத்த ஆள், 90-லிருந்து 80-க்கு ஒரு ராத்திரியில் போய்விடலாம். "93 தானே, நாளைக்குப் பார்ப்போம்" என்று தள்ளிப்போட்ட வீடுகள் பட்டபாடு இதனால்தான்.

நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்களுக்கு இந்தக் கோடு பொருந்தாது. அவர்களில் சிலருக்கு 88 முதல் 92 வரை வைத்திருப்பதே டாக்டரின் இலக்காக இருக்கும். அப்படிப்பட்டவர்கள் நன்றாக இருக்கும் நாளிலேயே தங்கள் வழக்கமான எண்ணை எழுதி, கருவியின் டப்பாவில் ஒட்டி வைப்பது நல்லது.

கருவிக்குத் தெரியாதது

கொரோனாவில் பலருக்கு ஆக்சிஜன் 80-களுக்கு இறங்கியும் மூச்சு வாங்கவில்லை. பேப்பர் படித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆக்சிமீட்டருக்கு மவுசு வந்ததே இதனால். எதிர்ப்பக்கமும் உண்டு. சிலர் வேகவேகமாக மூச்சுவிட்டு எண்ணைத் தாங்கிப் பிடிப்பார்கள். திரையில் 95. ஆனால் கழுத்துத் தசை இழுக்கும், மூக்குத் துவாரம் விரியும், ஒரு வாக்கியத்தை முடிக்க இரண்டு முறை நிறுத்துவார்கள். களைத்துப்போகும் கட்டத்தில் எண் சடாரென்று விழும்.

எனவே எண்ணோடு சேர்த்து மூச்சையும் எண்ண வேண்டும். நெஞ்சு அல்லது வயிறு ஏறி இறங்குவது ஒரு மூச்சு. முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். அவருக்குச் சொல்லாமல் எண்ணுங்கள், சொன்னால் மூச்சை மாற்றிக்கொள்வார். பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை இயல்பு. 24-ஐத் தொட்டால் ஆக்சிஜன் எண் என்னவாக இருந்தாலும் டாக்டரிடம் பேச வேண்டும். 30-ஐத் தாண்டினால் தீவிர நோய். உதடு நீலம் பாய்ந்தாலோ, நெஞ்சு அழுத்தினாலோ, ஆள் குழம்பிப் பேசினாலோ, எழுப்பினால் எழவில்லை என்றாலோ கருவியைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள். 108.

ஓய்வில் நன்றாகக் காட்டி, நடந்தால் இறங்கும் நிலையும் உண்டு. அதற்குத்தான் ஆறு நிமிட நடை. கருவியை மாட்டிக்கொண்டே அறைக்குள் சமதரையில் நடக்க வேண்டும். 93-க்குக் கீழே போனாலோ, தொடக்கத்தைவிட 3 புள்ளி இறங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நடந்து முடித்ததும் உடனே கழற்றாதீர்கள். விரலுக்குச் சேதி தாமதமாக வரும், ஒரு நிமிடம் பொறுங்கள். ஓய்விலேயே 94-க்குக் கீழே இருப்பவர், ஆஸ்துமா உள்ளவர், தள்ளாடும் பெரியவர் இதைச் செய்ய வேண்டாம். இன்னொருவர் கூட இல்லாமல் யாருமே செய்ய வேண்டாம்.

94-க்குக் கீழே போய் ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்கும்போது குப்புறப் படுப்பது உதவும். 2021 ஏப்ரலில் மத்திய சுகாதார அமைச்சகம் படம் போட்டே காட்டியது. தலையணை நாலைந்து வேண்டும்: கழுத்துக்குக் கீழே ஒன்று, மார்பிலிருந்து மேல்தொடை வரை ஒன்று அல்லது இரண்டு, முழங்காலுக்குக் கீழே கணுக்கால் பக்கம் இரண்டு. ஒரு நிலையில் அரை மணி முதல் இரண்டு மணி வரை. பிறகு வலப்பக்கம், சாய்ந்து உட்காருதல், இடப்பக்கம், மறுபடி குப்புற. சாப்பிட்டு ஒரு மணி நேரத்துக்குள் கூடாது. கர்ப்பிணிகள், தீவிர இதயநோய் உள்ளவர்கள், காலில் ரத்தக்கட்டு இருப்பவர்கள், முதுகெலும்பு அல்லது இடுப்பு எலும்பு முறிந்தவர்கள் செய்யக் கூடாது.

வீட்டில் யார் கையில் இருக்க வேண்டும்?

கருவி எந்தக் கம்பெனி என்பதைவிட இதற்குத்தான் அதிக மதிப்பெண். நான்கு பேர் நான்கு நேரத்தில் நான்கு விரலில் பார்த்தால் நான்கு எண் வரும், வீட்டில் சண்டையும் வரும். ஒரே ஆள், ஒரே விரல், நாளைக்கு மூன்று வேளை. ஒரு நோட்டில் ஐந்து கட்டம்: நேரம், காய்ச்சல், ஆக்சிஜன், நாடி, மூச்சு எண்ணிக்கை. மருத்துவ ஆலோசனை எண்ணான 104-க்குப் போன் செய்தாலும் டாக்டரிடம் பேசினாலும் அவர்கள் கேட்பது இதைத்தான். "நேத்து நல்லாத்தான் இருந்துச்சு டாக்டர்" என்பதை வைத்து அவரால் ஒன்றும் முடிவு செய்ய முடியாது.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒவ்வொரு எண்ணையும் போட வேண்டாம் என்பது எங்கள் உறுதியான அபிப்பிராயம். 96 போட்டவுடன் ஓமலூர் மாமா ஒரு கஷாயமும் துபாய் சித்தப்பா ஒரு மாத்திரையும் சொல்வார்கள். அடுத்த வேளை 95 போட்டால் ஊரே அழும். படுத்திருப்பவர் போனில் அதையெல்லாம் படித்துக்கொண்டிருப்பார். பயத்தில் மூச்சு வேகமாகும், நாடி ஏறும். ராத்திரி ஒரே ஒரு முறை "இன்னிக்கு மூணு வேளையும் 95-க்கு மேல, காய்ச்சல் இல்லை" என்று ஒரு வரி போதும். பெரியவர்களிடம் எண்ணை மறைப்பதும் வேண்டாம். மறைத்தால் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள். "அம்மா, காலையில் பார்த்த அதே அளவுதான்" என்று எண்ணோடு சேர்த்து அதன் பொருளையும் சொல்லிவிடுங்கள்.

அளவெடுக்கும் பொறுப்பு பெரும்பாலும் வீட்டுப் பெண்கள் தலையில்தான் விழுந்தது. அவர்கள் எல்லாருக்கும் பார்த்துவிட்டுத் தங்கள் விரலை மட்டும் விட்டுவிடுவார்கள், அல்லது நனைந்த சில்லென்ற கையோடு சமையலறையிலிருந்து வந்து அரைகுறையாகப் பார்ப்பார்கள். நோட்டில் கவனிப்பவருக்கும் ஒரு கட்டம் போடுங்கள். அதை நிரப்புவது இன்னொருவர் வேலை.

ராத்திரி விஷயம். தூக்கத்தில் எண் ஓரிரண்டு புள்ளி இறங்குவது இயல்பு. குறட்டைக்காரர்களுக்கு இன்னும் இறங்கி ஏறும். மூன்று மணிக்கு விளக்கைப் போட்டு, போர்வைக்கு வெளியே கிடந்து சில்லிட்ட விரலில் மாட்டினால் கெட்ட எண்தான் வரும். படுக்கும் முன் ஒன்று, விழித்ததும் ஒன்று போதும். பகலில் இறங்குமுகமாக இருந்தவரை மட்டும் எழுப்பிப் பார்க்கலாம். அப்போதும் எழுப்பி உட்காரவைத்து, கையைச் சூடாக்கி.

ஒரே கருவியைப் பலர் பகிர்ந்தால், தொற்று இல்லாதவர் முதலில், நோயாளி கடைசியில். நோயாளியின் அறைக்குள் போன கருவியைத் துடைக்காமல் வெளியே கொண்டுவர வேண்டாம். முடிந்தால் தனியறைக்காரருக்கே ஒன்றைக் கொடுத்து, அவரே பார்த்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லலாம். 2021 ஏப்ரல் விதிப்படி பத்து நாளும், 2022 ஜனவரிக்குப் பிறகு ஏழு நாளும் கதவுக்கு அந்தப்பக்கம் இருந்தவர்களுக்கு அதுவே ஒரு வேலையாகவும் இருந்தது. கைக்குழந்தைகளுக்குப் பெரியவர்கள் கிளிப் பொருந்தாது. அவர்களுக்கென்று காலில் சுற்றும் வகை தனியாக உண்டு. காய்ச்சல் குழந்தைக்கு மூச்சு எண்ணிக்கையும் பால் குடிப்பதும்தான் முதல் அடையாளம்.

வாங்கும்போது

ஐந்நூறு ரூபாய் சொச்சத்திலிருந்து கிடைக்கிறது. ஆயிரம் முதல் இரண்டாயிரம் வரை உள்ளவை வீட்டுக்குப் போதும். ஆஸ்பத்திரி தரத்தில் நோனின், மாசிமோ போன்றவை பல மடங்கு விலை. வீட்டில் நிரந்தர நுரையீரல் நோயாளி இருந்தால் தவிர அது வீண். 2021-ல் விலை தாறுமாறாக ஏறியபோது ஜூனில் ஜிஎஸ்டியை 12-லிருந்து 5 சதவீதமாகத் தற்காலிகமாகக் குறைத்தார்கள். ஜூலையில் மருந்து விலை ஆணையம் வியாபார லாபத்துக்கு 70 சதவீத உச்சவரம்பு போட்டது.

கட்டாயம் இருக்க வேண்டியது துடிப்பு அலை. வெறும் ஏறி இறங்கும் பட்டை போதாது. அலையாக ஓட வேண்டும். ஒரே உயரத்தில் ஒழுங்காக ஓடினால் எண்ணை நம்பலாம், கோணல்மாணலாக இருந்தால் நம்ப வேண்டாம். அடுத்தது 'பிஐ' என்று வரும் ரத்த ஓட்டக் குறியீடு. அது 0.3, 0.4 என்று கிடந்தால் கை சில்லிட்டிருக்கிறது என்று அர்த்தம், சூடாக்கிவிட்டுப் பாருங்கள். பெட்டியில் மருத்துவக் கருவி விதிகள் 2017-ன்படி உரிம எண், தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் முகவரி இருக்க வேண்டும். ப்ளூடூத், ஆப், குரல் அறிவிப்பு எல்லாம் தேவையில்லாத ஆடம்பரம்.

கடையிலேயே போட்டுப் பாருங்கள். விரலை எடுத்தால் சில விநாடிகளில் எண் மறைய வேண்டும். ஒரு பேனாவை மாட்டி மேஜையில் அசையாமல் வைத்தபிறகும் 98, 72 என்று நிதானமாகக் காட்டிக்கொண்டிருந்தால் அது பொம்மை; இரண்டாம் அலையில் இப்படிப்பட்டவை நிறைய விற்றன. போன் கேமராவில் விரலை வைத்தால் ஆக்சிஜன் சொல்லும் ஆப்களை நம்பாதீர்கள். கேமராவில் அந்த அகச்சிவப்பு விளக்கே கிடையாது. சில ஆப்கள் கைரேகையையும் வங்கித் தகவலையும் திருடுகின்றன என்று அரசே எச்சரித்தது. ஸ்மார்ட் வாட்ச் காட்டும் எண் உடற்பயிற்சிக்காரர்கள் பொழுதுபோக்குக்கு. ஆளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதா வேண்டாமா என்பதை அதை வைத்து முடிவு செய்யக் கூடாது.

பராமரிப்பு

70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் நனைத்துப் பிழிந்து, உள்ளே இருக்கும் ரப்பரையும் இரண்டு கண்ணாடிச் சாளரங்களையும் துடைத்துக் காயவிடுங்கள். சானிடைசரை நேராக உள்ளே பீச்சினால் பிசுபிசுப்பு சாளரத்தில் படிந்து ஒளியை மறைக்கும். பிளீச்சிங் தண்ணீர் ரப்பரைக் கெடுக்கும். செல் அல்கலைன் வகையாக இருக்கட்டும். சார்ஜ் இறங்கினால் விளக்கு மங்கி எண் தடுமாறும், அப்புறம்தான் பேட்டரிப் படம் வரும்.

வேலை முடிந்ததும் செல்லைக் கழற்றி, டப்பாவுக்குள் தனியாகப் போடுங்கள். பழைய கருவியை எடுத்தால் முதலில் செல் பெட்டியைத் திறந்து பச்சை, வெள்ளைப் பூப்பு பார்க்கவும். லேசாக இருந்தால் வினிகர் தொட்ட பஞ்சால் துடைக்கலாம், கம்பியே அரித்திருந்தால் இ-கழிவில் போட்டுவிடுங்கள். ஸ்பிரிங் தளர்ந்து விரலில் நழுவினாலும், ரப்பர் கிழிந்து வெளிச்சம் உள்ளே புகுந்தாலும் அதன் காலம் முடிந்தது. மற்றபடி நல்ல நிலையில் இருந்தால் வீட்டிலிருக்கும் ஆரோக்கியமான ஒருவருக்கு மாட்டிப் பாருங்கள்: 96-க்கு மேல் நிலையாக, அலை ஒழுங்காக, நாடி கையால் எண்ணியதோடு ஒத்துவந்தால் புதிதாக வாங்க வேண்டியதில்லை.